நண்பர்களோடு தட்சிணசித்ராவில் ஒரு முழு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும்போதெல்லாம் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். "ஒருநாள் போகணும்" என்று வண்டிக்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். போகிறவர்களிலும் பாதிப் பேர் ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்து, திண்ணையில் நாலு படம் எடுத்துக்கொண்டு, "பழைய வீடுதானே" என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசு ஆறவே இல்லை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா பக்கங்களில் மக்கள் வாழ்ந்த வீடுகளைக் கல் கல்லாக, தூண் தூணாகப் பிரித்து எடுத்து வந்து இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். சுமார் பத்து ஏக்கரில் பதினெட்டு வீடுகள். கூடவே மண் பிசைகிறவர்கள், தறி நெய்கிறவர்கள். இதை அவசரமாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

அதே சமயம், ஆறேழு பேர் கொண்ட ஒரு கூட்டத்தைக் காலையில் கிளப்பி, பசியும் வெயிலும் படுத்தாமல் சாயங்காலம் வரை வைத்திருப்பது லேசான வேலை இல்லை. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இப்படியே செய்தால் உங்களுக்கு அந்த அலைச்சல் இருக்காது.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறார்கள். திங்கள்கிழமை அரசு விடுமுறை வந்து, செவ்வாயும் சேர்த்து லீவு போட்டு ஊர் சுற்றலாம் என்று திட்டம் போடுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய பண்டிகை நாள் என்றால் முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அருமையாக இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும் என்பதால், கனமழை எச்சரிக்கை இருந்தால் தள்ளிப்போடுங்கள். லேசான தூறல் என்றால் தாராளமாகப் போகலாம். முற்றத்தில் மழை விழுவதைத் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஏப்ரல், மே வேண்டாம். கடற்கரை ஓரம்தானே, காற்று வரும் என்று நம்பிப் போனால் அக்கினி நட்சத்திரத்தில் பதினொரு மணிக்கே ஆட்கள் சுருண்டுவிடுவார்கள்.

வார நாளா, வார இறுதியா என்பது அடுத்த கேள்வி. சனி, ஞாயிறில் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி எதையாவது பார்க்க வாய்ப்பு உண்டு, ஆனால் கூட்டம் இருக்கும். வார நாளில் அமைதியாக இருக்கும், கைவினைஞர்களிடம் நின்று பேசலாம். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேருந்துகள் வந்து இறங்கினால் பகல் ஒரு மணி வரை இரைச்சல்தான். என்னைக் கேட்டால் புதன் அல்லது வியாழன். லீவு போட முடியாதவர்களுக்கு சனிக்கிழமை. ஞாயிறு வேண்டாம் என்பதற்குக் காரணம் திரும்பும் வழியில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

பொங்கல், நவராத்திரி, ஓணம் போன்ற சமயங்களில் தனி நிகழ்ச்சிகள் நடக்கும். நன்றாக இருக்கும், ஆனால் முதல்முறை போகிறவர்கள் அந்த நாட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். விழாவைப் பார்ப்பீர்களே தவிர வீடுகளைப் பார்க்க மாட்டீர்கள்.

2. ஆட்கள்

ஐந்திலிருந்து எட்டுப் பேர் வரை சரி. அதற்கு மேல் போனால் ஒருவர் கழிப்பறையில், ஒருவர் கடையில், ஒருவர் போனில் என்று நேரம் கரைந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் "யாரெல்லாம் வர்றீங்க" என்று கேட்டால் எல்லோரும் கை தூக்குவார்கள். நுழைவுச் சீட்டுக்கும் வண்டிக்கும் சேர்த்து ஒரு தொகையை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். பணம் அனுப்பியவர்கள்தான் வருகிறவர்கள்.

வயதானவர்களை அழைத்துப் போகலாம். உட்காரத் திண்ணைக்குக் குறைவே இல்லை. ஆனால் பழைய வீடுகள் ஆயிற்றே, உயரமான வாசற்படிகள், குனிந்து நுழைய வேண்டிய நிலைகள், குறுகிய மாடிப்படிகள் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எல்லா வீட்டுக்குள்ளும் ஏறி இறங்க முடியாது. சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர் யாராவது வருகிறார் என்றால், எந்தெந்த வீடுகளுக்குள் போக முடியும் என்று முன்னாலேயே போனில் பேசிக்கொள்ளுங்கள்.

3. கையில் இருக்க வேண்டிய அட்டைகள், கடிதங்கள்

சாதாரணமாகப் போகிற பெரியவர்களுக்கு எந்த ஆவணமும் தேவையில்லை. ஆனால் மூன்று வகை ஆட்கள் கவனிக்க வேண்டும்.

மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. கல்லூரி அடையாள அட்டை அசலாக, அந்த ஆண்டுக்குச் செல்லுபடியாகிறதாக இருக்கட்டும். போனில் இருக்கும் படத்தைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று போய், கவுன்ட்டரில் நின்று வாதாடி, அரை மணி நேரத்தைத் தொலைக்காதீர்கள். 

கல்லூரி வழியாகவோ, ஓர் அமைப்பு வழியாகவோ பெரிய குழுவாகப் போனால், நிறுவனத்தின் முகப்புத் தாளில் எத்தனை பேர், எந்தத் தேதி, பொறுப்பாளர் யார் என்று எழுதி முன்னதாகவே மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது, குழுவுக்கான கைவினைப் பயிற்சி எல்லாம் முன்பதிவில்தான் கிடைக்கும். வாசலில் வந்து கேட்டால் ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூன்றாவது, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள நண்பர்கள். வெளிநாட்டவருக்கான கட்டணம் தனி, உள்ளூர்க் கட்டணத்தைவிடக் கணிசமாக அதிகம். கனடாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ விடுமுறைக்கு வந்த நண்பரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழில் பேசிக்கொண்டே வருகிறவரிடம் கவுன்ட்டரில் வைத்து அந்த வித்தியாசத்தைச் சொன்னால் அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

4. பணக் கணக்கு

நுழைவுக் கட்டணம் அவ்வப்போது மாறும். போகிற வாரம் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிட்டு அங்கேயே சீட்டும் எடுத்துவிடலாம். பட்டியலில் பெரியவர், மாணவர், சிறுவர், வெளிநாட்டவர் என்று பிரிவுகள் இருக்கும். நீங்கள் எடுத்த சீட்டு எந்தப் பிரிவு என்பதை இரண்டு தரம் பாருங்கள்.

நுழைவுச் சீட்டோடு செலவு முடிந்துவிடாது என்பதுதான் முக்கியம். பானை வனைவது, ஓலை முடைவது போன்ற ஒவ்வொரு கைவேலைக்கும் அங்கங்கே தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் பார்க்கச் சின்னத் தொகைதான், ஆனால் நாலைந்து சேர்ந்தால் நுழைவுச் சீட்டை மிஞ்சும். அதற்கு மேல் சாப்பாடு. அதற்கு மேல் கைவினைக் கடைகள். போக்குவரத்து தவிர்த்து ஆளுக்கு 1,000 ரூபாய் ஒதுக்கிக்கொண்டால் யாரும் யாரையும் பார்த்துத் தயங்காமல் அன்றைய பொழுதை ஓட்டலாம். பொருள் வாங்குகிற எண்ணம் இருந்தால் அது தனிக் கணக்கு.

சில்லறையாகப் பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் கொண்டுபோங்கள். ஜிபே இருக்கிறதே என்று வெறுங்கையோடு போகாதீர்கள். கடற்கரைப் பக்கம் சிக்னல் சில நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளி ஜோசியக்காரர் முன்னால் உட்கார்ந்த பிறகு போனைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது. பொதுச் செலவு முழுவதையும் ஒருவரே செய்து, இரவு கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்வதுதான் நட்புக்கு நல்லது.

5. போய்ச் சேர்வது

அடையாறிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். திருவான்மியூர் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டால் கோவளம், மாமல்லபுரம் பக்கம் போகிற மாநகரப் பேருந்துகள் கிடைக்கும். தட்சிணசித்ரா என்றே சொல்லிச் சீட்டு வாங்குங்கள், பிரதான சாலையிலேயே இறக்கிவிடுவார்கள். சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் பெண்களுக்குக் கட்டணமில்லை. பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் திருவான்மியூர் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடலாம்.

புதுச்சேரி போகிற விரைவுப் பேருந்தில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றும். ஏறுவதற்கு முன்பே கண்டக்டரிடம் நிற்குமா என்று கேளுங்கள். நிற்காத வண்டியில் ஏறினால் முட்டுக்காட்டுப் பாலத்தையும் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

சொந்தக் கார் என்றால் உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும், ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் எடுத்தால் சுங்கக் கட்டணம் உங்கள் தலையில்தான். போகும்போது செயலியில் வண்டி உடனே கிடைக்கும். சாயங்காலம் முட்டுக்காட்டிலிருந்து நகரத்துக்கு வண்டி கேட்டால் ஏற்றுக்கொள்ள ஆளே இருக்காது, ஏற்றுக்கொண்டவரும் போன் செய்து கூடுதல் பணம் கேட்பார். ஐந்து பேருக்கு மேல் இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு வண்டியைப் பேசி வைத்துக்கொள்வதே மலிவு.

காலை ஒன்பது மணிக்குத் திருவான்மியூரில் கூடுங்கள். ஒன்பது என்று சொன்னால் ஒன்பதே காலுக்குத்தான் வருவார்கள், அதையும் சேர்த்தே சொல்கிறேன். நன்றாகக் காலை உணவை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பத்தரைக்குள் உள்ளே இருந்தால் வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

உடை பருத்தியாக இருக்கட்டும். கழற்றி மாட்ட எளிதான செருப்பு போதும். தொப்பி, தண்ணீர் பாட்டில், ஒரு துணிப்பை. மாலைக் கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ளக் கொண்டுபோங்கள்.

6. நுழைந்ததும் நாலு கேள்வி

வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வரவேற்பில் நாலு விஷயம் கேளுங்கள். இன்று எந்தெந்தக் கைவேலை நடக்கிறது? அவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பாட்டுக்குப் போவார்கள்? நிகழ்ச்சி ஏதும் உண்டா, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில்? அறிமுகப் படம் ஓடுகிறதா? இந்த நாலுக்கும் பதில் தெரிந்தால்தான் நாளைப் பிரிக்க முடியும். இதைக் கேட்காமல் நேராக உள்ளே போகிறவர்கள், மதியம் இரண்டு மணிக்குப் பானைச் சக்கரத்தின் முன்னால் யாரும் இல்லாமல் நின்றுகொண்டிருப்பார்கள்.

7. வீடுகள்: எந்த வரிசையில், எதைப் பார்ப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். காலையில் தமிழ்நாட்டுப் பகுதி, சாப்பாட்டுக்கு முன் கேரளம், பிற்பகலில் கர்நாடகமும் ஆந்திர வீடுகளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 

செட்டிநாட்டு வணிகர் வீடு எல்லோரையும் இழுக்கும். செதுக்கிய நிலை, வழவழப்பான மரத்தூண்கள். எல்லோரும் அங்கேதான் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். கூட்டம் இருந்தால் விட்டுவிட்டு, மத்தியானத்தில் திரும்பி வாருங்கள். வந்தால் தூண்களைவிடத் திண்ணையைக் கவனியுங்கள். வியாபாரப் பேச்சும் வருவோர் போவோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். உள்ளே போகப் போக வீடு குடும்பத்துக்கு உரியதாக, பெண்களின் இடமாக மாறிக்கொண்டே போகும். 

அடுத்து திருநெல்வேலிப் பக்கத்து அக்ரஹார வீடு. அகலம் குறைவு, நீளம் அதிகம், பக்கச்சுவர் அண்டை வீட்டோடு பொதுவானது. பக்கவாட்டில் ஜன்னலே வைக்க முடியாத ஒரு வீட்டுக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நடந்து பாருங்கள். முற்றத்துக்கு வந்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டில் தறிதான் வீட்டின் தலைவர். தறி எவ்வளவு நீளமோ அதற்கேற்ப அறை. தறியில் ஆள் இருந்தால் குறைந்தது கால் மணி நேரம் நில்லுங்கள். உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோக்கும் கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா (ஊடுநூலைக் கொண்டுபோகும் கட்டை), இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, அதனால் பக்கத்தில் துணைக்கு ஒருவர் வேண்டும் என்பதை நெய்கிறவர் வாயாலேயே கேட்டால், நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் கல்யாணப் புடவைகளை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

தஞ்சாவூர் விவசாயி வீட்டையும் திருவள்ளூர்ப் பக்கத்துக் குயவர் வீட்டையும் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். பெரிய வீடுகளே கண்ணை இழுக்கும் இடத்தில், சின்ன மண்சுவர் வீட்டுக்கு முன்னால் பெரும்பாலோர் நிற்பதில்லை. எனக்கோ இந்த வளாகத்திலேயே நிறையப் பேச வைத்த இடம் அதுதான். யாருக்குத் திண்ணை வாய்த்தது, யார் தெருவிலேயே நிற்க வேண்டியிருந்தது என்ற கேள்வி, எல்லா வீடுகளையும் ஒரே வளாகத்தில் பார்க்கும்போது தானாக எழும். நண்பர்களோடு அதைப் பேசாமல் வருவது பாதி பார்த்துவிட்டு வருவது மாதிரிதான். அய்யனார் கோயிலும் மண்குதிரைகளும் இந்தப் பக்கம்தான்.

கேரளப் பகுதியில் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிலைகள் தாழ்வு, உயரமானவர்கள் இடித்துக்கொள்வது நிச்சயம். கோட்டயம் மாவட்டம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு 1850 வாக்கில் கட்டப்பட்டது. மரவேலையை நிதானமாகப் பாருங்கள், நெல் சேர்த்து வைக்கும் அறைக்கு அந்த வீட்டில் எவ்வளவு முக்கியமான இடம் என்பதையும் பாருங்கள். திருவனந்தபுரத்து வீட்டையும் கோழிக்கோட்டு வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே மாநிலத்தின் தெற்கும் வடக்கும் கட்டும் பொருளிலேயே எப்படி மாறுகின்றன என்பது தெரியும். இத்தனை சரிவான கூரை ஏன் என்று மழைக்காலத்தில் போனவர்களுக்கு விளக்க வேண்டாம்.

அப்படியே கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீட்டுக்கு வாருங்கள். கல் சுவர், தட்டைக் கூரை. மழை குறைந்த வறண்ட சீமை என்பது ஒரு வார்த்தை சொல்லாமலேயே புரிந்துவிடும். சிக்கமகளூரு வீடும் பக்கத்தில்தான். விசாகப்பட்டினம் கடலோரத்து வட்டமான மண்வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். புயல் அடிக்கிற கரையில் மூலையே இல்லாத வீடு, தரையைத் தொடுகிற மாதிரி இறங்கும் கூரை. ஒருமுறை வெளியிலிருந்து சுற்றிவந்துவிட்டுப் பிறகு உள்ளே குனிந்து நுழையுங்கள். அதற்கு முன்னால் தெலங்கானா இக்கத் நெசவாளர் வீட்டில், நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் ஏற்றுகிற முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூட்டமாகப் போகும்போது ஒரு வழி நன்றாக வேலை செய்கிறது. ஆளுக்கொரு வீட்டைப் பிரித்துக் கொடுங்கள். அந்த வீட்டுத் தகவல் பலகையைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. எல்லா வீட்டிலும் அதே மூன்று கேள்விகள்: மழைத்தண்ணீர் எங்கே போகிறது, தானியம் எங்கே இருக்கிறது, அடுப்புப் புகை எப்படி வெளியேறுகிறது. போனையே பார்த்துக்கொண்டிருந்த ஆள்கூட மூன்றாவது வீட்டிலிருந்து கூரையை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

8. கைவேலை

பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், அல்லது மூன்று மணிக்கு மேல். சாப்பாட்டு நேரத்தில் போய்க் கைவினைஞர்களை அவசரப்படுத்தாதீர்கள். மண் பிசைவதற்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள், சக்கரமோ ஒன்றிரண்டுதான். எட்டுப் பேரும் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். பாதிப் பேர் மண், மீதிப் பேர் ஓலை என்று பிரிந்துகொள்ளுங்கள்.

வனைந்ததை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினால் ஒரு காலி டப்பாவும் பழைய செய்தித்தாளும் கொண்டுவாருங்கள். அது சுடாத மண். கையில் பிடித்தபடி பேருந்தில் ஏறினால் வீடு போய்ச் சேராது, தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும். 

விலை பேசுவதைப் பற்றி ஒன்று. கைவினைக் கடைகளில் நெய்தவரோ முடைந்தவரோ நேரில் உட்கார்ந்து விற்கும்போது, இருபது ரூபாய்க்காக இழுக்காதீர்கள். அவர் கை எப்படி ஓடுகிறது என்று காலையில் பார்த்தவர்கள் நீங்கள்.

9. சாப்பாடு

வளாகத்துக்குள்ளேயே உணவகம் இருக்கிறது. ஒரு மணிக்குப் போனால் வரிசை, பன்னிரண்டரைக்குப் போய்விடுங்கள். சாப்பிட்டவுடன் எல்லோருக்கும் கண் சொருகும். அப்போது வெயிலில் நடக்காமல் வரிஜா ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தால் நிழலும் ஆயிற்று, பார்த்த மாதிரியும் ஆயிற்று.

10. படம் எடுப்பது

போனில் எடுப்பதற்குத் தடை இல்லை. ஆனால் பெரிய கேமரா, விளக்கு, உடை மாற்றம் என்று கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு மாதிரி ஏதாவது திட்டம் இருந்தால், அனுமதியும் கட்டணமும் முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயம். ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள். வேலை செய்துகொண்டிருப்பவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். தொட்டிலில் ஏறுவது, உரலில் நின்று காட்டுவது, பழைய கதவில் தொங்குவது எல்லாம் வேண்டாம். அவை யாரோ வாழ்ந்த வீட்டிலிருந்து வந்த சாமான்கள்.

11. கிளம்புவது

ஐந்து மணிக்கு மேல் வெளிச்சம் சாய்ந்து எல்லா வீடும் அழகாகிவிடும், கிளம்ப மனசு வராது. இருங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஐந்துக்கே கிளம்பிவிடுங்கள். மாமல்லபுரம், கோவளம், புதுச்சேரி போனவர்கள் அத்தனை பேரும் அதே நேரத்தில் நகரத்துக்குத் திரும்புவார்கள். உத்தண்டியிலிருந்து வண்டிகள் ஊர்ந்துதான் போகும்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, முட்டுக்காடு படகுத் துறை, மாமல்லபுரம் எல்லாம் முடிச்சுடலாம்" என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். மாமல்லபுரம் இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல், அதற்குத் தனி நாள் வேண்டும். படகு வேண்டுமானால் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அதற்காகக் கர்நாடக வீடுகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது, அதையும் இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்தில் திரும்புகிறவர்கள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் பறக்கும். இருட்டுவதற்கு முன்பே, எல்லோரும் சேர்ந்து கடந்துவிடுங்கள்.